தூக்கிக் கட்டிய பிக்கப்பும் யாரும் கேளாத கேள்வியும்

அமெரிக்க மேற்குக் கரையின் வளைகுடாப் பகுதித் தமிழர் வீடுகளில் யாரேனும் பழைய வண்டி வாங்கும் பேச்சை எடுத்தால், என்னைப் பற்றிய கதை ஒன்று இன்றும் சொல்லப்படுகிறது. உடலை உயரத் தூக்கிக் கட்டிய பிக்கப் என்னும் சிறு சுமைவண்டி ஒன்றின் அடியில் நான் ஒருமுறை குனிந்து பார்த்தேனாம். பார்த்த அளவிலேயே பிரேக்கின் குறையைத் தொட்டுக் காட்டினேனாம். ஒரு குடும்பம் உயிர் பிழைத்ததாம். இக்கதையில் வண்டி உண்மை, குறை உண்மை, தொட்டுக் காட்டியதும் உண்மை. ‘பார்த்த அளவிலேயே’ என்பது மட்டும் உண்மையன்று. நான் குறையைப் பார்த்தது ஒரு சனிக்கிழமை. வாய் திறந்து சொன்னது பதின்மூன்று நாள் கழித்து வந்த வெள்ளிக்கிழமை. அந்தப் பதின்மூன்று நாளும் ஒரு கணவனும் மனைவியும் அவ்வண்டியில் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். எனக்கு உரிமையில்லாத புகழ் என் பெயரில் நிற்கிறது. நினைவு தெளிவாக இருக்கும்போதே அதை நானே இறக்கிவைக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தமிழில் சொல் தேடிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஆயினும் இவ்வகை வண்டியை வாங்க நினைப்பவர் எவரேனும் இதைப் படிக்கலாம். அவர் ஒரு சொல்லின் முன் தயங்கி நின்றுவிடக் கூடாது. ஆதலால் பிரேக், ஸ்டியரிங் போன்றவற்றைப் பட்டறையில் வழங்கும் பெயராலேயே சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஃப்ரீமான்டில், மவுரி அவென்யூவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நானும் என் மனைவியும் வாழ்ந்தோம். ஆலைகளில் ஓடும் பெருங்குழாய்கள் வெப்பத்தால் விரியும்போது எந்த இடத்தில் எவ்வளவு இழுபடும் என்று கணக்கிட்டுச் சொல்வது என் வேலை. நான் பொறியாளன் என்பது குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். பாலம் கட்டுகிறவரா, கணினிக்காரரா, குழாய்க் கணக்கரா என்ற வேறுபாடெல்லாம் நம்மவர் கார் வாங்கப் புறப்படும்போது மறைந்துவிடும். பொறியாளர் என்றால் வண்டி தெரிந்திருக்கும், அவ்வளவுதான். நான் அதுவரை ஒரு வண்டியின் அடிப்பகுதியைக் கண்ணால் கண்டதில்லை.

எங்கள் கீழ்வீட்டில் யாழ்ப்பாணத்துக் கணவனும் மனைவியும் குடியிருந்தார்கள். என்னைவிடப் பத்து வயது இளையவர்கள். அவர் ஓர் அச்சகத்துக்குப் பொதி கொண்டுசெல்லும் வேன் ஓட்டினார். அந்த அம்மையார் பகலில் ஒரு டேகேரில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். மாலையிலும் வார இறுதியிலும் பிறருக்குச் சமைத்துக் கொடுத்தார். பிறந்தநாளுக்கு இடியப்பமும் சொதியும் என்று தொடங்கிய வேலை அது. ஓராண்டில் அவர் கையால் ஆன வடைக்காகவே சிலர் பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள் என்று நாங்கள் கேலி பேசும் அளவுக்கு வளர்ந்தது.

அப்போது அவருக்கு முதன்முதலாக ஒரு திருமண விருந்து வாய்த்தது. லிவர்மோர் கோயில் மண்டபத்தில் திருமணம். பெண்ணின் தந்தை மருத்துவர். சுவை பார்த்து மகிழ்ந்தார். ஆனால் ஒன்று கேட்டார்.

“சாமான் எல்லாம் எதுல வரும்? சொந்த வண்டி இருக்கா? இரவல் வண்டிய நம்பி என் பொண்ணு கல்யாணச் சாப்பாட்ட விட முடியாதும்மா.”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. முன்பொருமுறை வேன் தருவதாகச் சொன்ன நண்பர் வராமல் போய், ஒரு விருந்துக்கு இடியப்பம் ஒருமணி நேரம் பிந்தியிருந்தது. அம்மையார் தயங்காமல், “இருக்கு டொக்டர்” என்று சொல்லிவிட்டு வந்தார். இல்லாத வண்டியை மூன்று வாரத்துக்குள் உண்டாக்கவேண்டும். இந்த விருந்து நன்றாக நடந்தால் டேகேர் வேலையை விட்டுவிட்டுச் சமையலையே தொழிலாகக் கொள்வது என்று இருவரும் முடிவுசெய்திருந்தார்கள். நடக்காவிட்டால் அடுத்த திருமணம் எந்நாளும் வராது என்று அம்மையார் என் மனைவியிடம் சொல்லி அழுதார்.

லிவர்மோருக்குப் புறத்தே, திராட்சைத் தோட்டங்களின் ஓரத்தில் ஒரு வீட்டில் பிக்கப் ஒன்று விலைக்கு நிற்பதாகச் செய்தித்தாளில் விளம்பரம் வந்தது. நம்மவர் பழைய வண்டி பார்க்கத் தனியே போவதில்லை. கணவன், மனைவி, பொறியாளன் என்ற முறையில் நான், கார் ஓட்டுவதில் துணிச்சல்காரர் என்ற முறையில் மேல்மாடியில் இருந்த சென்னை நண்பர் என்று நால்வர் என் காரில் புறப்பட்டோம். நண்பர் கணினித் துறையில் இருந்தவர், வாய் ஓயாதவர்.

சுனோல் ஏற்றத்தில் கார் ஏறும்போது அம்மையார் பின்னிருக்கையிலிருந்து பேசினார்.

“அண்ணை, ஒண்டு சொல்லுறன், குறை நினைக்காதேங்கோ. அங்கை போய் ஆரும் ‘பழுது’, ‘வேண்டாம்’, ‘சரிவராது’ எண்ட சொல்லுகளைச் சொல்லிப்போடாதேங்கோ. முதன்முதல் தொழிலுக்கெண்டு வாகனம் வாங்கப் போறம். ஏதும் இருந்தால் பேந்து வீட்டை வந்து கதைப்பம்.”

“அப்போ பிரேக்கே பிடிக்கலைன்னாலும் சூப்பர்னு சொல்லணுமா அக்கா?” என்றார் நண்பர்.

“நீர் வாயை மூடிக்கொண்டு வாரும். அது காணும்.”

எல்லோரும் சிரித்தோம். அவ்விதி எனக்குப் புதியதும் அன்று. எங்கள் கொங்கு நாட்டிலும் நல்ல காரியத்துக்குப் புறப்பட்டவரை ‘எங்கே’ என்று கேட்கமாட்டோம். கேள்வியே ஒரு தடை என்று எண்ணுகிற மக்கள் நாங்கள். அமெரிக்கா வந்து அலுவலகத்தில் நாள்முழுதும் ஐயம் எழுப்பியே ஊதியம் வாங்கிய நான், நல்ல வேளை என்று வந்துவிட்டால் அந்த வழக்கத்தைக் கழற்றி வைத்துவிடுவேன்.

பத்துமணிக்கே அத்தெருவை அடைந்துவிட்டோம். சனிக்கிழமை, ராகுகாலம் முடியப் பத்தரை ஆகும். தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். வீட்டு வாசலில் ஓர் இளைஞர் தோளில் கைக்குழந்தையோடு நின்று, காருக்குள் அசையாமல் இருந்த எங்கள் நால்வரையும் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி பார்க்க மிக எடுப்பாக இருந்தது. கருநீல வண்ணம், அகன்ற, உயர்ந்த டயர்கள், சாதாரணப் பிக்கப்பைவிட ஒரு சாண் மேலே தூக்கி நின்ற உடல். அதன் கதவுப்படி அம்மையாரின் இடுப்புயரத்துக்கு இருந்தது. பால்புட்டிகள் அடுக்கும் பால்கூடை ஒன்றை இளைஞர் கவிழ்த்துப் போட்டார். அதில் கால்வைத்து ஏறி இருக்கையில் அமர்ந்த அம்மையார், “இஞ்சருங்கோ, தேரிலை ஏறின மாதிரிக் கிடக்கு” என்று கணவரைப் பார்த்துச் சிரித்தார்.

“நாலு வீலும் இழுக்கும் போல சார். மலை எல்லாம் சும்மா ஏறிடும்,” என்றார் நண்பர் என்னிடம்.

அப்படி இல்லை என்று இளைஞரே முதலில் சொல்லிவிட்டார். விசை பின்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே போகும். உயரம் வெறும் தோற்றத்துக்காகத் தம் கையாலேயே கட்டியது. இப்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு மனைவியால் ஏற முடியவில்லை. அதனால் விற்கிறேன் என்றார். சொல்லிவிட்டு எங்களை ஒருவர்பின் ஒருவராகப் பார்த்தார். எதற்கோ காத்திருப்பவர்போல் நின்றார். நாங்கள் நால்வரும் முகம் மலர்ந்து நின்றோம்.

நண்பர் ஓட்டினார், நான் பக்கத்தில் அமர்ந்தேன். மணிக்கு நாற்பது மைல் வேகத்தைத் தாண்டியதும் இருக்கைக்கு அடியில் ஒரு நடுக்கம் தோன்றியது. “ரோடு சார்” என்றார் நண்பர். வேகங்காட்டும் முள் ஐம்பத்தைந்தில் நின்றபோது நாங்கள் எல்லாக் கார்களையும் முந்திக்கொண்டிருந்தோம். டயர் பெரிதானால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி கூடுதல் தொலைவு ஓடும். ஆனால் முள் பழைய டயரின் கணக்கையே சொல்லும். இதை அங்கேயே மனத்தில் கணக்கிட்டு, முள் காட்டுவதைவிட நாங்கள் விரைவாகப் போகிறோம் என்று கண்டுகொண்டேன். அதையும் சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் சரளைக்கல்லில் மண்டியிட்டு முன்சக்கரத்தின் பின்னால் தலையை நுழைத்தேன். நண்பர் வண்டியை ஓரமாக நிறுத்துவதற்கு ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுதும் ஒடித்துத் திருப்பி அப்படியே விட்டிருந்தார். அதனால்தான் அது என் கண்ணில் பட்டது.

வண்டியின் சட்டம் ஓர் இடத்தில் நிலையாக இருக்கும். சக்கரம் அதன்கீழ் மேலும் கீழும் ஆடும், இடமும் வலமும் திரும்பும். பிரேக்குக்கான எண்ணெய் சட்டத்திலிருந்து சக்கரத்துக்குப் போவதற்கு நடுவே ஒரு சிறு ரப்பர்க் குழாய் உண்டு. சக்கரத்தின் ஆட்டத்துக்கு இடங்கொடுக்க அது தளர்வாகத் தொங்கவேண்டும். இவ்வண்டியில் முன்பக்கம் உயரமான சுருள்வில்லைப் போட்டு அந்த இளைஞர் உடலைத் தூக்கியிருந்தார். குழாயோ பழைய நீளத்திலேயே இருந்தது. சக்கரம் முழுதும் திரும்பி நின்ற அந்நிலையில் அது தந்திபோல் விறைத்திருந்தது. முனையில், இரும்பைக் கவ்வும் இடத்தில், ரப்பரின்மேல் நுண்ணிய கீறல்கள் தெரிந்தன.

குழாய் இழுபட்டால் எங்கே அறும் என்பதுதானே நான் இருபது ஆண்டு சோறு உண்ட கணக்கு. வண்டியைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லித் தப்ப வழியில்லாத ஒரே இடம் அது.

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டேன். அம்மையார் அதற்குள் கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து, முன்பம்பரில் ஒரு பொட்டு வைத்துவிட்டிருந்தார். வண்டிக்கான பணம் கணவரின் கையிலிருந்து இளைஞரின் கைக்கு மாறிக்கொண்டிருந்தது.

“எப்பிடி அண்ணை?” என்று சிரித்தபடியே கேட்டார் அம்மையார்.

“நல்லா இருக்குதுங்க,” என்றேன். “சின்னச் சின்ன வேலை இருக்கும். அப்புறம் பார்த்துக்கலாம்.”

பதின்மூன்று நாளுக்கு நான் பூண்ட கவசம் அந்த ‘அப்புறம்’ என்ற சொல்தான்.

திங்கட்கிழமை அலுவலகம் முடிந்ததும் ஃப்ரீமான்ட் நூலகத்துக்குப் போனேன். அவ்வகை வண்டிக்கான பழுதுபார்ப்பு நூலை எடுத்து மேசையில் விரித்துப் படித்தேன். என் அறியாமையின் அளவு அப்போதுதான் விளங்கியது. முன்பக்கம் தூக்கினால் சக்கரத்தைத் தாங்கும் கைகள் கீழ்நோக்கிச் சாய்கின்றன. அவற்றின் நுனியிலுள்ள பந்துமூட்டுகள் தாம் திரும்பவேண்டிய எல்லைக்கு வெளியே திரும்பித் தேய்கின்றன. டயரின் ஒரு விளிம்பு மட்டும் சிரைத்ததுபோல் வழுவழுப்பாகிறது. பின்பக்கம் தூக்க, அச்சுக்கும் பட்டைவில்லுக்கும் நடுவே இரும்புக்கட்டை வைக்கிறார்கள். அதனால் என்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்கு விசை கொண்டுசெல்லும் தண்டின் சாய்வு கூடி, அதன் இணைப்புகள் அதிர்கின்றன. நண்பர் ‘ரோடு’ என்றது இதைத்தான். பெரிய டயரைச் சுழற்ற என்ஜின் திணறும். நிறுத்தப் பிரேக் இருமடங்கு உழைக்கும். வண்டியின் கனம் மேலேறியிருப்பதால் வளைவில் சாய்ந்துகொடுக்கும். பின்தட்டில் அண்டாக்களை ஏற்றினால் இவை எல்லாம் இன்னும் மோசமாகும்.

இரண்டு பக்கங்களை நகல் எடுத்துக்கொண்டு நேரே கீழ்வீட்டுக்குப் போனேன். அம்மையார் அடுப்பில் இருந்தார். நான் வாய் திறக்குமுன் ஒரு தட்டில் சுடச்சுட நான்கு வடை வந்தது.

“நீங்கள் பாத்துத் தந்த வாகனம் அண்ணை. அம்மாவுக்கு அனுப்பப் படம் எடுத்து வைச்சிருக்கிறன், பாருங்கோ.”

படத்தில் அவர் வண்டியின் கதவுப்படியில் ஏறிநின்று, ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, நாட்டை வென்றவர்போல் சிரித்தார். நான் நகல்களை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் தள்ளிவிட்டு வடையைத் தின்றேன்.

அடுத்த ஞாயிறு அவர்கள் டப்ளினில் ஒரு விருந்துக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு மலை தாண்டிப் போய்வந்தார்கள். மாலையில் வண்டிகள் நிறுத்துமிடத்தில் கணவரைக் கண்டேன்.

“ஓட்டம் வடிவா இருக்கு அண்ணை. பிரேக் பிடிக்கேக்கை மட்டும் ஒரு பக்கம் இழுக்குது,” என்றவர் சிரித்தார். “புது மாடெண்டால் கொஞ்சம் இழுத்துப் பாக்கும்தானே.”

ஒரு சக்கரம் மற்றதைவிடப் பிந்திப் பிடிக்கிறது என்றால், அதற்குப் போகும் குழாய் உள்ளே நைந்துவிட்டது என்று பொருளாகலாம். நூலில் அந்த வரியை இருமுறை படித்திருந்தேன். “மெதுவாப் போங்க தம்பி” என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் என் மனைவி என் முகத்தைக் கவனித்துக்கொண்டே வந்திருந்தாள். அன்று கேட்டாள், நான் எல்லாவற்றையும் சொன்னேன்.  துணி மடித்துக்கொண்டிருந்தவள் மடித்து முடித்தாள்.

“ஏனுங்க, அந்தப் புள்ளை மனசு நோகும்னுதானே சொல்லாம இருக்கறீங்க? மனசு நொந்தா ரெண்டு நாள்ல ஆறிப்போகும். அவ அந்த வண்டிக்குள்ளதானுங்க உக்காந்து போறா.”

“கல்யாணம் முடியட்டும்னு பார்க்கறேன். இப்பச் சொன்னா அந்த ஆர்டரே போயிருமே.”

“கல்யாணத்துக்குப் போற வழியில என்னமோ ஆச்சுன்னா?”

 அதைக் கேட்டும் மேலும் நான்கு நாள் கடத்தினேன். இவ்விடத்தில் என்னை நியாயப்படுத்த ஏதேனும் எழுதலாமா என்று பலமுறை எண்ணிப் பார்த்துவிட்டேன். எழுத எதுவும் இல்லை.

திருமணத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் உட்கார முடியவில்லை. பிற்பகலிலேயே வீடு திரும்பினேன். மண்டபத்துச் சமையலறையில் விடியற்காலை அடுப்பு மூட்டுவதற்கு வேண்டிய அனைத்தையும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்டாக்கள், அரைக்கும் இயந்திரம், அரிசி மூட்டைகள், இட்லி மாவு நிறைந்த பெரிய பாத்திரங்கள். சென்னை நண்பர் பின்தட்டில் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கனத்தால் வண்டியின் பின்புறம் தாழ்ந்து, முன்புறம் இன்னும் உயர்ந்து நின்றது. வண்டியோடு வந்த பால்கூடையில் அம்மையார் ஒரு காலை வைத்துவிட்டார்.

“இறங்குங்கம்மா,” என்றேன்.

என் குரல் எப்படி ஒலித்ததோ, மூவரும் அசையாமல் நின்றார்கள்.

“தம்பி, ஸ்டியரிங்கை ஒரு பக்கமா முழுசா ஒடிங்க.”

கணவர் ஒடித்தார். நான் வேட்டியைப் போல் மடித்துக்கட்ட முடியாத அலுவலக உடையோடு தரையில் படுத்து, சக்கரத்தின் பின்னால் கைவிட்டு அந்தக் குழாயைப் பிடித்தேன். இம்முறை கீறல்கள் நுண்ணியவையாக இல்லை. கையை வெளியே எடுத்து நீட்டினேன். விரல்களில் பிரேக் எண்ணெயின் ஈரம் இருந்தது. கணவர் குனிந்து முகர்ந்து பார்த்தார். பிறகு தாமும் என் பக்கத்தில் படுத்துக் குழாயைப் பார்த்தார். பொதி ஏற்றிக்கொண்டு நாள்தோறும் வண்டி ஓட்டுகிறவர் அவர். நான் விளக்க ஒன்றுமில்லை. எழுந்தவர் வண்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, “சுனோல் இறக்கத்திலை,” என்று தொடங்கி, அதை முடிக்காமல் விட்டார்.

அம்மையார் என்னைப் பார்த்தார். “இதை எப்ப கண்டனீங்கள் அண்ணை?”

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்தட்டிலிருந்து நண்பரின் குரல் வந்தது.

“இப்பத்தான் அக்கா! வந்தாரு, படுத்தாரு, புடிச்சாரு. ஒரே பார்வை. அதான் சார் இன்ஜினியர்.”

வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கதை பிறந்த இடம் அதுதான்.

அம்மையார் இன்னும் சிறிது நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். “சரி. ஆரின்ரை காரிலை எதை ஏத்தலாம் எண்டு பாருங்கோ. கெதியா.”

குடியிருப்பில் இருந்த நம்மவர் வீட்டுக் கதவுகளையெல்லாம் என் மனைவி தட்டினாள். ஐந்து கார்கள் சேர்ந்தன. அரைக்கும் இயந்திரம் என் காரின் முன்னிருக்கையில் ஏறியது. மாவுப் பாத்திரங்களைப் பின்னிருக்கைகளில் வைத்து, மனிதருக்குப் போடும் வாரையே போட்டுக் கட்டினோம். வெள்ளி மாலை நெரிசலில் சிக்ஸ் எய்ட்டி நெடுஞ்சாலையில் கார்கள் ஊர்ந்தன. பின்னால் மாவைக் காத்துக்கொண்டு வந்த என் மனைவி, “பொங்குதுங்க, ஏசியைக் கூட்டுங்க” என்று மைலுக்கு ஒருமுறை சொன்னாள். லிவர்மோர் சேரும்வரை குளிரில் நடுங்கிக்கொண்டு ஓட்டினேன்.

மண்டப வாசலில் மருத்துவர் நின்றிருந்தார். ஒன்றன்பின் ஒன்றாகக் கார்கள் வந்து அண்டாக்களை இறக்குவதைப் பார்த்தார்.

“சொந்த வண்டின்னு சொன்னீங்களேம்மா?”

“ஓம் டொக்டர். இண்டைக்கு அஞ்சு.”

அவர் சிரித்துவிட்டார். மறுநாள் பந்தியில் அவர் தாமே நின்று எல்லோருக்கும் வடை போட்டதைக் கண்டேன்.

திங்களன்று கணவர் வண்டியை விற்ற இளைஞரைத் தொலைபேசியில் அழைத்தார். சண்டை பிடிக்கவில்லை, எதையெதை மாற்றினீர்கள் என்று மட்டும் கேட்டார். மறுநாளே அந்த இளைஞர் வேறொரு காரில் எங்கள் குடியிருப்புக்கு வந்தார். காரின் பின்பெட்டியிலும் பின்னிருக்கையிலும் வண்டியின் பழைய சுருள்விற்களும் முதலில் இருந்த டயர்களும் இருந்தன. கழற்றிய நாளிலிருந்து தம் கராஜில் பாதுகாத்து வைத்திருந்தவற்றை விலை வாங்காமல் கொடுத்துவிட்டார். குழாய் கீறியிருந்தது தமக்கும் தெரியாது என்று சொன்னபோது அவர் முகம் வெளுத்திருந்தது. தம் மனைவியும் குழந்தையும் அதில் போய்வந்தவர்கள் என்றார்.

பிறகு அவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். வண்டி பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில், இதில் என்ன கோளாறு என்றுதான் கேட்பார்களாம். கேட்டால், பழைய விற்கள் இருக்கின்றன, மறுபடி இறக்கிக் கட்டுவது நல்லது, வேகமுள் குறைத்துக் காட்டும், கனம் ஏற்றவேண்டாம் என்றெல்லாம் சொல்வதற்கு அன்று ஆயத்தமாக நின்றாராம். நீங்களோ அரைமணி நேரம் தெருமுனையில் உட்கார்ந்திருந்தீர்கள். பிறகு வந்து புன்னகை செய்தீர்கள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எல்லாம் அறிந்தவர்கள் என்று எண்ணிவிட்டேன் என்றார். ஏன் கேட்கவில்லை என்றும் வினவினார்.

 அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று எவருக்கும் தெரியவில்லை. கணவர் அவருக்குத் தேநீர் கொண்டுவரப் போனார்.

நைல்ஸ் பக்கத்தில் மெக்சிகோக்காரர் ஒருவரின் பட்டறையில் நான்கு நாள் வேலை நடந்தது. கட்டைகளை எடுத்தார், பழைய விற்களைப் போட்டார், முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாக இருந்த பிரேக் குழாய்கள் மூன்றையும் புதிதாக்கினார், தண்டின் இணைப்புகளையும் பந்துமூட்டுகளையும் மாற்றினார். கழற்றிய குழாயை நீளவாட்டில் கத்தியால் பிளந்து எங்களிடம் காட்டினார். உள்ளே ரப்பர் உரிந்து வழியைப் பாதி அடைத்திருந்தது. வண்டி எல்லா வண்டிகளையும்போல் தாழ்ந்து வந்து நின்றது. நடுக்கம் போயிற்று.

வண்டி வந்த மாலை அம்மையார் எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார். நான் மட்டும் இருந்தேன். நான் சொல்லவேண்டியதைச் சொல்லத் தொடங்கினேன்.

“அம்மா, அந்தக் குழாயை நான் முதல் நாளே...”

“தெரியும் அண்ணை.” அவர் கதவருகிலேயே நின்றார். “அண்டைக்கு நீங்கள் குனிஞ்சு எழும்பேக்கை உங்கடை முகத்தை நான் கண்டனான். வடிவாக் கேட்டால் சொல்லிப்போடுவியள் எண்டு பயம். அதுதான் சிரிச்சுக்கொண்டு கேட்டனான். சிரிச்சுக் கேட்டால் ஆர்தான் இல்லையெண்டு சொல்லுவினம்? பாதிப் பிழை என்ரை.”

“இல்லைங்கம்மா. முக்கால் என்னுது.”

“அப்ப கால் எனக்கு. வண்டி ஓடின மனுசனுக்கு ஒண்டுமில்லையோ?” என்று சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பற்றி எங்களுக்குள் அதன்பின் பேச்சில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டி அவர்கள் டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே அவர்களுக்கு ஓர் உணவகம் இருக்கிறது. அண்மையில் ஒரு திருமணத்துக்காக இங்கு வந்திருந்தபோது, விருந்தில் யாரோ அந்தப் பழைய கதையை அவர் முன்னிலையிலேயே தொடங்கினார்கள். ‘சார் பார்த்த அளவிலேயே’ என்ற இடம் வந்தபோது அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். எனக்காக அவர் காத்துவந்த அமைதி அது என்று புரிந்தது. அதை இனியும் அவர் சுமக்கத் தேவையில்லை. நான் சொல்லவேண்டியதை நான்தான் சொல்லவேண்டும்.

சொல்லிவிட்டேன். சில செய்திகளில் எனக்கு உறுதியில்லை. கீறியிருந்தது இடச்சக்கரத்துக் குழாய் என்பது என் நினைவு; வலப்பக்கம் என்கிறாள் என் மனைவி. டப்ளின் விருந்துக்குப் போனது முதல் ஞாயிறா, இரண்டாம் ஞாயிறா என்பதிலும் ஐயம் உண்டு. இயந்திரப் பகுதிகளைப் பற்றி எழுதியவை ஒரு நூலக நூலையும் ஒரு பட்டறைக்காரரின் விளக்கத்தையும் நம்பி எழுதியவை; இத்துறையில் பழகிய கண்ணுக்கு அவற்றில் தவறு தென்படலாம். அந்தக் கணவனும் மனைவியும், மேல்மாடி நண்பரும், வண்டித்தொழில் அறிந்த பிறரும் இதைப் படிக்க நேர்ந்தால், கண்ட பிழைகளை என் முகத்துக்காகப் பொறுத்துக்கொள்ளாமல் எனக்கு எழுதித் திருத்தும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.